பழைய சைக்கிளுக்கு மோட்டார்: கிட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு சைக்கிள் சும்மா நிற்கிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் தாத்தா ஓட்டிய பெரிய சைக்கிளாக இருக்கும். அதில் ஒரு கிட்டை மாட்டினால் அரை மணி நேரத்தில் மின் சைக்கிள் தயார் என்று யூடியூபில் நாளுக்கு ஒரு வீடியோ வருகிறது. 2022 பிப்ரவரியில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இப்படி ஒரு கிட்டின் வீடியோவைப் பகிர்ந்தது இந்தப் பேச்சுக்கு இன்னும் வேகம் கொடுத்தது.

விசாரிக்கப் போனால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஒரு கடையில் ஆறாயிரம் என்கிறார்கள், இன்னொரு கடையில் முப்பதாயிரம். லைசென்ஸ் தேவையே இல்லை என்கிறார் ஒருவர், போலீஸ் பிடித்தால் வண்டி போய்விடும் என்கிறார் இன்னொருவர். இரண்டு விலைக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

கிட் என்றால் என்னென்ன

எந்தக் கிட்டாக இருந்தாலும் நான்கு பாகங்கள் இருக்கும்: மோட்டார், பேட்டரி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், ஓட்டுபவரின் விருப்பத்தைக் கண்ட்ரோலருக்குச் சொல்லும் ஏதாவது ஒன்று. அந்தக் கடைசிப் பாகம் ஸ்கூட்டர் போல முறுக்கும் த்ராட்டிலாக இருக்கலாம். பெடல் சுற்றுவதைக் காந்தங்கள் வழியாக உணர்ந்து மோட்டாரை ஓட்டும் பெடல் அசிஸ்ட் சென்சாராகவும் இருக்கலாம். இவற்றோடு, பிடித்தவுடன் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டும் பிரேக் லீவரும் வரும், வர வேண்டும்.

மோட்டாரில் நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் இவை:

1. பக்கவாட்டு மோட்டார். எம்.ஒய்.1016 இசட் என்ற பெயரில் விற்கும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார். ஃபிரேமில் கிளாம்ப் போட்டு மாட்டி, தனிச் செயின் வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றுவார்கள். இருப்பதிலேயே மலிவு. ஆறாயிரம் ரூபாய் கிட் இதுதான், அந்த விலையில் பேட்டரி சேராது. சத்தம் போடும், உள்ளே சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயும். ஆனால் எந்த சைக்கிள் கடையிலும் கழற்றி மாட்டலாம். பேட்டரி தீர்ந்தால் இழுவை இல்லாமல் மிதித்து வீடு சேரலாம்.

2. ஹப் மோட்டார். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். பெரும்பாலும் 36 வோல்ட், 250 வாட், பிரஷ் இல்லாத வகை. உள்ளே கியர் உள்ளது இரண்டரை மூன்று கிலோ இருக்கும். கியர் இல்லாதது அதைவிட இரு மடங்கு கனக்கும், பேட்டரி தீர்ந்ததும் மிதிக்கவும் இறுக்கமாக இருக்கும்.

3. பெடல் நடுவில் பொருத்தும் மோட்டார். கியர் சைக்கிளுக்கும் மலைப்பாதைக்கும் நல்லது. விலை அதிகம், பழைய சைக்கிளில் பொருந்தாது. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

எவ்வளவு தூரம் போகும்

கடைக்காரர் வோல்ட், ஆம்பியர்-அவர் என்று சொல்வார். இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர் வரும். பேட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரே எண் அதுதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 360 வாட்-அவர். மோட்டாரின் வாட் அளவுக்கும் மைலேஜுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

நிமிர்ந்து உட்கார்ந்து 25 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க, ஆளும் வண்டியுமாக 100 கிலோவுக்கு, ஏறக்குறைய 175 வாட் தேவை. மோட்டாரிலும் கண்ட்ரோலரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 220 வாட் இழுக்கும். நின்று நின்று புறப்படும் ஊர்ப் போக்குவரத்தில் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-அவர் வரை ஆகும். ஆக, மிதிக்காமல் த்ராட்டிலில் மட்டும் போனால் 360 வாட்-அவர் பேட்டரி ஏறத்தாழ 30 கி.மீ. தரும். கூடவே மிதித்தால் 45 வரை எதிர்பார்க்கலாம். இதே பேட்டரிக்கு 80 கி.மீ. என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் நீங்கள் மிதித்த தூரமும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

“20 நிமிடம் மிதித்தால் பாதி பேட்டரி ஏறிவிடும்” என்று கிட் வீடியோக்களில் வரும் பேச்சையும் இதே கணக்கில் உரசிப் பார்க்கலாம். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது சுமார் 100 வாட். 20 நிமிடத்தில் அது 33 வாட்-அவர், அதாவது பேட்டரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த உழைப்பு முழுவதும் சார்ஜுக்கே போனால் சைக்கிள் நகரவும் நகராது! பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் ஏறும் வசதி கியர் இல்லாத ஹப் மோட்டாரில் மட்டும் சாத்தியம், சமதளத்தில் அதனால் கிடைப்பது சொற்பம்.

காசுக் கணக்கு

“ஒரு ரூபாயில் பத்து கிலோமீட்டர்” என்று சொல்வது கிட்டத்தட்ட உண்மை. காலியான 360 வாட்-அவர் பேட்டரியை நிரப்ப, சார்ஜர் இழப்பையும் சேர்த்து அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 30 கி.மீ.க்கு நான்கு ரூபாய் ஆகாது. ஆனால் இதில் பேட்டரியின் விலையைச் சேர்க்கவில்லை.

லித்தியம் பேட்டரிகளில் பரவலாகக் கிடைக்கும் என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகையை சுமார் 500 முறை முழுதாக நிரப்பித் தீர்க்கலாம். அதற்குப் பிறகும் ஓடும், கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். 30 கி.மீ. வீதம் 500 முறை என்றால் 15,000 கி.மீ. பேட்டரியின் விலை 15,000 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். மின்சாரத்துக்குப் பன்னிரண்டு பைசா, பேட்டரித் தேய்மானத்துக்கு நூறு பைசா. விளம்பரம் பேசுவது அந்தப் பன்னிரண்டு பைசாவை மட்டும்தான்.

இதைப் பெட்ரோலோடு வைத்துப் பார்ப்போம். லிட்டருக்கு 50 கி.மீ. தரும் வண்டிக்கு, பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். மிச்சம் 88 பைசா. தினம் 10 கி.மீ., வருடத்துக்கு 300 நாள் என்றால் 3,000 கி.மீ.; மிச்சமாவது 2,640 ரூபாய். பேட்டரி தவிர்த்த கிட்டுக்கும் மாட்டும் கூலிக்கும் 12,000 ஆகியிருந்தால், அதை எடுக்கவே நாலரை வருடம் ஆகும். அதற்குள் பேட்டரிக்கும் வயதாகிவிடும். ஓட்டாமல் வைத்தாலும் லித்தியம் பேட்டரி முதுமையடையும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே.

ஆகவே வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்கூட்டர் இருந்தால், பெட்ரோல் காசை மிச்சம்பிடிப்பதற்காகக் கிட் வாங்குவது லாபமான காரியம் அல்ல. வண்டியே இல்லை, ஸ்கூட்டர் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கடன் எடுக்க வேண்டும் என்ற நிலையில் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே கிட் மிச்சம்பிடிப்பது பெட்ரோலை அல்ல, வட்டியையும் இன்சூரன்ஸையும் சர்வீஸையும். நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகும் பெண்களுக்கு, அந்தப் பேருந்து நேரத்துக்கு வருமென்றால், எந்தக் கிட்டும் காசில் போட்டி போட முடியாது. நேரத்தில் வேண்டுமானால் போடலாம்.

பேட்டரி: கஞ்சம் பிடிக்கக் கூடாத இடம்

மூன்று வகை கிடைக்கிறது. ஈய-அமில பேட்டரி மலிவு. ஆனால் 36 வோல்ட்டுக்கு மூன்று பெட்டி வேண்டும், 12 ஆம்பியர்-அவர் என்றால் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு கிலோ. அடிவரை தீர்த்துத் தீர்த்து ஓட்டினால் ஒரு வருடத்துக்குள்ளேயே படுத்துவிடும். என்.எம்.சி. லித்தியம் எடை குறைவு, தீப்பிடித்தால் அடக்குவது கடினம். எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை கூட. ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆயுளும் பல மடங்கு. சைக்கிளில் அரைக் கிலோ ஒரு கிலோ கூடுவது ஒரு பொருட்டே இல்லை என்பதால், நம் வெயிலுக்கு நான் எல்.எஃப்.பி. பக்கம்தான்.

பேட்டரி என்பது பல சிறு செல்களைக் கோத்த கட்டு. அந்தச் செல்களை ஒவ்வொன்றாகக் கண்காணித்து, அளவுக்கு மேல் ஏறாமலும் அளவுக்குக் கீழ் இறங்காமலும் இணைப்பைத் துண்டிப்பது பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் பலகை. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் செல், பலகை, மேலே சுற்றும் நீலநிற பிளாஸ்டிக் உறை எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்களும் அதே நீல உறைக்குள் போனால் புதிது போலவே தெரியும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு கட்டில் ஒரு செல் மட்டும் பலவீனமாக இருந்தாலும் சூடு அங்கேதான் கிளம்பும்.

சார்ஜர் விஷயமும் நுணுக்கமானது. 36 வோல்ட் என்று எழுதிய என்.எம்.சி. பேட்டரியில் பத்து செல் வரிசை இருக்கும். முழு சார்ஜில் 42 வோல்ட். அதே 36 வோல்ட் என்ற பெயரில் விற்கும் பன்னிரண்டு செல் எல்.எஃப்.பி. பேட்டரிக்கு 43.8 வோல்ட். இரண்டு சார்ஜருக்கும் பிளக் ஒன்றாகவே இருக்கலாம். எல்.எஃப்.பி. சார்ஜரை என்.எம்.சி. பேட்டரியில் மாட்டினால் தடுக்க வேண்டியது பி.எம்.எஸ். மட்டுமே, அது மட்டமானதாக இருந்தால் கதை முடிந்தது. அதனால் சார்ஜரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அவுட்புட் வோல்ட் எவ்வளவு என்று படித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 மார்ச்சில் வேலூர் அருகே சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் இறந்தார்கள். நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே பாதுகாப்புச் சான்று இல்லாத மின் சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்க அந்த நகரம் தடை போட்டது. பழைய செல்களைப் பிரித்துக் கட்டிய பேட்டரிகளை விற்கவும் தடை. வேலூர்ச் சம்பவத்தில் உயிரைப் பறித்தது புகை. ஆகவே வாசல் பக்கமோ மாடிப்படி அடியிலோ, அதாவது தப்பித்து ஓட வேண்டிய வழியில், சார்ஜ் போடாதீர்கள். எல்லோரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். 360 வாட்-அவர் பேட்டரி 2 ஆம்பியர் சார்ஜரில் ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும், மாலையில் போட்டால் படுக்கும் முன் எடுத்துவிடலாம்.

உங்கள் சைக்கிள் இதற்குத் தயாரா

வீடியோக்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். அரை மணி நேரத்தில் மாட்டிக் காட்டும் சைக்கிள் பெரும்பாலும் 26 அங்குல, அகன்ற டயர் உள்ள புது மாடல். தாத்தாவின் 28 அங்குல சைக்கிளில் என்னென்ன இடிக்கும் என்று பாருங்கள்:

1. ஸ்போக்ஸ் ஓட்டை. பழைய பெரிய சைக்கிளில் முன் ரிம்மில் 32, பின் ரிம்மில் 40 ஓட்டைகள். ஹப் மோட்டாரில் பொதுவாக 36. இருக்கும் ரிம்மில் மோட்டாரைக் கோக்க முடியாது, 36 ஓட்டை உள்ள 28 அங்குல ரிம்மும் சுலபத்தில் அகப்படாது.

2. பின்பக்க அகலம். ஹப் மோட்டார் உட்கார, பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபிரேமின் இரு கைகளுக்கு நடுவே 135 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒற்றைக் கியர் சைக்கிளில் இருப்பது 110 முதல் 120 வரை. ஸ்டீல் ஃபிரேமை விரித்து மாட்டுபவர்கள் உண்டு. அலுமினிய ஃபிரேமில் அந்த வேலையே கூடாது, விரிசல் விடும்.

3. ஆக்சில். சாதா சைக்கிளில் சக்கரத்தின் நடு அச்சான ஆக்சில் சும்மா இருக்கும், சக்கரம் மட்டும் சுற்றும். ஹப் மோட்டாரில் சக்கரத்தைத் தள்ளும் அதே விசை, ஆக்சிலை எதிர்ப்பக்கமாகத் திருப்பப் பார்க்கும். ஆக்சில் உட்காரும் பிளவு மெல்லிய தகடாக இருந்தால் மெல்ல மெல்ல அகன்று, ஒருநாள் ஆக்சிலே சுழன்று வயர்களை முறுக்கி அறுத்துவிடும். முன்சக்கரத்தில் இது நடந்தால் ஓடும்போதே சக்கரம் கழன்று வரும். இதைத் தடுக்க ஆக்சிலைப் பிடித்து ஃபிரேமோடு இறுக்கும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை உண்டு. சில நூறு ரூபாய்ச் சாமான், மலிவுக் கிட்களில் வராது. கேட்டு வாங்குங்கள்.

4. காட்டர் பின். பெடல் சென்சாரின் காந்தத் தட்டை பெடல் அச்சில் செருக வேண்டும். பழைய சைக்கிளில் பெடல் தண்டைக் காட்டர் பின் என்ற ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். அதைத் தட்டி எடுத்தால்தான் தட்டு உள்ளே போகும், இல்லாவிட்டால் இரண்டாகப் பிரியும் தட்டு தேட வேண்டும். அதனால்தான் பல கடைகளில் சென்சாரே போடாமல் த்ராட்டில் மட்டும் மாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

5. பிரேக். எல்லாவற்றிலும் முக்கியம் இது. பழைய சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக், அதாவது லீவரிலிருந்து இரும்புத் தண்டுகள் வழியாக இழுப்பது. கிட்டோடு வரும் லீவர் கேபிள் பிரேக்குக்கானது. இரண்டும் சேராது. விளைவு, மோட்டாரை வெட்டும் லீவர் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும், த்ராட்டில் மட்டும் வேலை செய்யும். மழையில் நனைந்த ஸ்டீல் ரிம்மில் கம்பி பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். நாம் வழக்கமாக மிதிக்கும் 12 கி.மீ. வேகத்திலிருந்து 25க்குப் போனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது. கூடவே ஏழெட்டு கிலோ எடையும் ஏறியிருக்கும்.

கம்பி பிரேக் சைக்கிளில் மோட்டார் மாட்டவே கூடாதா? ஹப் மோட்டாரை மறந்துவிட்டு, பக்கவாட்டு மோட்டாரைப் போட்டு, இரு சக்கரத்துக்கும் கேபிள் பிரேக் மாற்றிக்கொண்டால் ஓட்டலாம். முன் ஃபோர்க், ஹேண்டில்பார், லீவர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹாண்ட் 26 அங்குல கேபிள் பிரேக் சைக்கிளை வாங்கி அதில் கிட் போடுவது புத்திசாலித்தனம்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் கெட்டுப்போவது வயர் இணைப்புகளும் கண்ட்ரோலரும்தான். கண்ட்ரோலரை சீட்டுக்கு அடியில், வயர்கள் கீழ்நோக்கி வெளியே வரும்படி பொருத்தினால், ஒழுகும் தண்ணீர் உள்ளே இறங்காது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு இணைப்புகள் பச்சை பூத்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும்.

லைசென்ஸ் வேண்டுமா, வேண்டாமா

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் ‘பேட்டரியால் இயங்கும் வாகனம்’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் (தொடர்ந்து அரை மணி நேரம் தரக்கூடியது) 250 வாட்டுக்குக் கீழ், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல், தகுந்த பிரேக், ஒளி பட்டால் மின்னும் பிரதிபலிப்பான். இவை இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. லைசென்ஸ், பதிவு எண், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. வேண்டாம் என்பவர் சொல்வது இந்தப் பாதி.

அவர் விட்டுவிடும் பாதி: இந்த நிபந்தனைகள் பூர்த்தியானதாக அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பு ஒன்று சரிபார்த்திருக்க வேண்டும். புனேவின் ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை இந்த வேலையைச் செய்பவை. தொழிற்சாலையில் தயாராகும் மின் சைக்கிளுக்கு அந்த மாடலுக்கென்று சான்று வாங்கிவிடுவார்கள். வீட்டில் நாம் மாட்டிய ஒற்றை சைக்கிளுக்கு அப்படி ஒரு காகிதம் இருக்காது. சான்று இருக்கிறது என்று கிட் விற்பவர் சொன்னால், அது மோட்டாருக்கா, சார்ஜருக்கா, முழு வண்டிக்கா என்று வாங்கிப் பார்க்க வேண்டும்.

அளவுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவின் மத்திய சட்டம் 750 வாட் வரை, மணிக்கு 32 கி.மீ. வரை சைக்கிள் என்கிறது. ஐரோப்பாவில் 250 வாட், 25 கி.மீ.; அங்கே மிதித்தால்தான் மோட்டார் உதவ வேண்டும். ஆன்லைனில் 500, 750 வாட் கிட்கள் தாராளமாகக் கிடைப்பது வேறு நாட்டுச் சந்தைக்கும் சேர்த்துச் செய்யப்படுவதால்தான். இங்கே அதை மாட்டினால் பதிவில்லாத மோட்டார் வாகனம். பல கண்ட்ரோலர்களில் வேக வரம்பு ஒரேயொரு வயர் இணைப்பில் இருக்கிறது, அதைப் பிடுங்கினால் வேகம் கூடும். பிடுங்கிய நிமிடமே சட்டத்தின் கண்ணில் அது வேறு வண்டி.

தெருவில் யாரும் நிறுத்திக் கேட்காமல் போகலாம். பிரச்சினை, யாரையாவது இடித்துவிட்டால்தான். வண்டி மோட்டார் வாகனம் என்று முடிவானால், இன்சூரன்ஸ் இல்லாததால் இழப்பீடு முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும். 15 வயதுப் பையன் ஓட்டினான் என்றால் பெற்றோர் தலையில்.

யாருக்கு ஒத்துவரும்

ஒரு நாளைக்கு 8 முதல் 20 கி.மீ. போகிறவர், வழியில் ஒன்றிரண்டு மேம்பாலம் தவிர ஏற்றமில்லாதவர், ஏற்கெனவே சைக்கிள் மிதித்து முழங்காலோ மூச்சோ கெஞ்ச ஆரம்பித்தவர் என்றால் கிட் அவருக்காகவே செய்தது. தெருத்தெருவாகப் பால் ஊற்றுபவர், பேப்பர் போடுபவர், டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர் இந்த வகை. அவர்கள் நின்று நின்று போவதால் பெட்ரோல் வண்டியில் மைலேஜ் விழும், மோட்டாரில் அவ்வளவு விழாது. கேரியரில் 40 கிலோ சரக்கு ஏற்றுபவர் ஹப் மோட்டாரைவிடப் பக்கவாட்டு மோட்டாரை எடுப்பது நல்லது. பழுது பார்ப்பது சுலபம்.

சைக்கிளே புதிதாக வாங்க வேண்டியவர் கிட்டை விட்டுவிடலாம். சைக்கிள், கிட், பேட்டரி, கூலி என்று கூட்டினால் முப்பதாயிரத்தைத் தொடும். ஏறக்குறைய அதே விலையில் தொழிற்சாலை மின் சைக்கிள், சான்றோடும் வாரண்டியோடும் கிடைக்கிறது.

கிட்தான் என்று முடிவானால் காசைச் செலவிடும் வரிசை: முதலில் பிரேக்கும் டயரும், அடுத்து வாரண்டிச் சீட்டில் செல் வகை, எத்தனை முறை நிரப்பித் தீர்க்கலாம் என்ற எண்ணிக்கை, விற்பவர் முத்திரை மூன்றும் எழுதிக்கொடுக்கும் கடையில் பேட்டரி, மிச்சத்தில் மோட்டார். கடையில் மாட்டிக் கொடுத்ததும் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, த்ராட்டிலை முறுக்கியபடியே பிரேக் லீவரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மோட்டார் அந்தக் கணமே நிற்கவில்லை என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.